நிழலுக்கு டோக்கன்

ஓடைக்காட்டுப்பாளையத்தில் ஆயிரத்து நானூறு விசைத்தறிகள் இரவென்றும் பகலென்றும் பாராமல் சடக்சடக்கென்று ஓடிக்கொண்டிருந்த காலத்தில், தூக்கம் என்பது அந்த ஊரில் கொஞ்சம் கேவலமான சமாச்சாரமாக இருந்தது. நேற்று ஆறு மணி நேரம் தூங்கினேன் என்று யாராவது டீக்கடையில் வாய் தவறிச் சொல்லிவிட்டால், பக்கத்தில் இருப்பவர் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார், அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் தறிப்பட்டறையை மூடிவிட்டார்களா என்று விசாரிப்பார், கடைக்காரர் மட்டும் ஒன்றும் கேட்காமல் ஒரு மாதிரி பார்ப்பார். ஐந்து மணி நேரம் தூங்குகிறவன் நாலு மணி நேரம் தூங்குகிறவனுக்கு முன்னால் சற்றுக் குனிந்தே நடந்தான். அப்படிப்பட்ட ஊரில் பதினோரு வருஷமாக மூன்றே மூன்று மணி நேரம் தூங்கி, ஆண் பெண் அத்தனை பேரையும் தோற்கடித்து நின்றவள் வசந்தாமணி.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. சென்னியப்பன் பட்டறையில் காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை ஆறு தறி பார்ப்பாள். அறுந்த இழையை முடிந்து, நூல் தீர்ந்த தார்க்குச்சியை உருவிப் போட்டு, நூல் சுற்றிய புதுத் தாரை, தறியில் குறுக்கே பாய்கிற நாடாவுக்குள் செருகி, ஒரு தறியிலிருந்து இன்னொரு தறிக்கு நடந்து நடந்து ஒரு நாளைக்குப் பழனி போய்ச் சேருகிற தூரம் நடந்துவிடுவாள். புருஷன் குழந்தைவேலு அதே பட்டறையில் இரவு ஷிப்ட். இவள் வெளியே வரும்போது அவன் உள்ளே போவான், வாசலில் எதிரெதிராகப் பார்த்துக்கொள்ளும் அரை நிமிஷத்தில் குடும்ப விஷயம் அத்தனையும் பேசி முடித்துவிடுவார்கள். அதற்கப்புறம் அவள் வீட்டுக்குப் போய்ச் சோறு பொங்கி, பதினொன்றாம் வகுப்பு படிக்கிற மகள் நிரஞ்சனாவுக்குப் போட்டு, பாத்திரம் கழுவி, இன்னொரு பட்டறைக்காகத் தார் சுற்றி முடித்துப் படுக்க ராத்திரி ஒன்றரை மணியாகும். நாலரைக்கு எழுந்துவிடுவாள். நான் தூங்கி வருஷமாச்சுங்க என்று அவள் சொல்வதில் அலுப்பே இருக்காது, பெருமைதான் இருக்கும்.

அவள் உடம்பு சும்மா இருந்ததா என்றால், இல்லை. அது வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. சொன்னதையெல்லாம் ஊர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. தை மாதம் அவளுக்கு இடது கண் துடிக்க ஆரம்பித்து, நாற்பது நாள் நிற்காமல் துடித்தது. பெண்ணுக்கு இடது கண் துடித்தால் நல்லது நடக்கும் என்பது தெரிந்ததுதானே. பக்கத்து வீட்டில் இருந்த அவள் நாத்தனார் மயிலாத்தாள், சகுனம் பார்ப்பதில் அந்தத் தெருவுக்கே கலெக்டர், தினமும் காலையில் வந்து கண்ணைப் பார்த்துவிட்டு, "இன்னும் துடிக்குது நங்கை, பெருசா என்னமோ வரப்போவுது" என்று உற்சாகமாகச் சொல்லிவிட்டுப் போவாள். அண்ணன் மனைவியை நங்கை என்று கூப்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். வசந்தாமணிக்குக் காதுக்குள் வண்டு ரீங்காரம் போட்டது, தூரத்துச் சொந்தம் யாரோ நினைக்கிறார்கள் என்றாள் மயிலாத்தாள். விடாமல் கொட்டாவி வந்தது, ஊர்க்கண் பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். ஒருநாள் வாசற்படியில் தடுக்கி விழுந்து முழங்கால் சிராய்த்தபோது படியையே மாற்றிக் கட்டச் சொன்னாள். தீர்ந்துபோன வெறுந்தாரை எடுத்து மறுபடி நாடாவுக்குள் போட்டு, நூலே இல்லாமல் கால் மணி நேரம் தறியை ஓட்டியபோது மட்டும் அதற்கு என்ன பலன் என்று மயிலாத்தாளுக்கே தெரியவில்லை.

பங்குனி மாதத்தில் ஒரு காலை ஏழு மணிக்கு, குழாயடியில், அது நடந்தது.

அன்றைக்கும் வழக்கம்போல் சம்பூர்ணம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். சம்பூர்ணம் சண்டை பிடித்தால் எதிராளி யார் என்பது முக்கியமில்லை, குடம் முன்னால் போனதா பின்னால் போனதா என்பதும் முக்கியமில்லை, ஆரம்பித்துவிட்டால் எதிராளியின் ஏழு தலைமுறையையும் கூப்பிட்டு நிறுத்திவிட்டுத்தான் ஓய்வாள். நாலாவது தலைமுறையை இழுத்துக்கொண்டிருந்தபோது வசந்தாமணி குடத்தோடு வந்து நின்றாள். கிழக்கே வெயில் சாய்வாக ஏறிக்கொண்டிருந்தது, அவள் நிழல் நீளமாக மேற்கே விழுந்தது, விழுந்த இடத்தில் சம்பூர்ணம் நின்றிருந்தாள். பாதி வசவு வாயில் இருக்க, அவள் குடத்தை மெதுவாகக் கீழே வைத்தாள், அதன் மேல் கன்னத்தை வைத்தாள், சிரித்த முகத்தோடு தூங்கிப்போனாள். அவளுக்குப் பின்னால் நின்ற பால்காரர் சைக்கிளைப் பிடித்தபடியே தூங்கினார். குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த சேவல் ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடியது. யாரும் அலறவில்லை. தண்ணீர் வரிசையில் இரண்டு பேர் குறைந்ததில் மற்றவர்களுக்குச் சந்தோஷம்தான். வசந்தாமணி குடம் நிரப்பிக்கொண்டு நகர்ந்ததும் இரண்டு பேரும் விழித்தார்கள், சேவல் தாமதமாகக் கூவியது, சம்பூர்ணம் எதிராளியைப் பார்த்து, "நீ முன்னால புடிச்சுக்கோ சாமி" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டபோதுதான் ஊர் ஆடிப்போயிற்று.

"நாஞ் சொல்லல? நாஞ் சொல்லல?" என்று மயிலாத்தாள் தெருத்தெருவாக ஓடினாள். "நாப்பது நாள் கண்ணு துடிச்சது சும்மாவா? எங்க நங்கை நெழல்ல தூக்கம் வந்து எறங்கீருக்குது!"

அந்த ஊர் எதையும் சோதித்துப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ளாது. பட்டறையில் குழல்விளக்கு வெளிச்சத்தில் அவள் நிழலில் இரண்டு பேர் படுத்துப் பார்த்தார்கள், வேலைக்காகவில்லை. டார்ச் லைட் அடித்துப் பார்த்தார்கள், ஆகவில்லை. நிலா வெளிச்சத்தில் கொஞ்சம் கண் சொக்கியதாக ஒருவர் சொன்னார், அவர் வேறு காரணத்துக்காகச் சொக்கியிருக்கலாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். சுத்தமான வெயிலில் விழும் நிழல்தான் என்று முடிவாயிற்று. நிழலைப் பெரிதாக்கலாமே என்று ஒரு பெரிய குடையை அவள் கையில் கொடுத்தார்கள். குடை நிழலில் படுத்தவர்கள் வெறுமனே படுத்திருந்தார்கள், அவள் தோளின் நிழல் பட்டவர் மட்டும் குறட்டை விட்டார். கஞ்சி போட்டு மொடமொடவென்று இருக்கிற புடவையைக் கட்டி, முந்தானையை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்தால் இன்னும் நாலு பேருக்கு இடம் கிடைத்தது. அப்படியே காலையில் இருபது பேர், உச்சிப்பொழுதை ஒட்டிக் காலடியில் இரண்டு கைக்குழந்தைகள், சாயங்காலம் கிழக்கே திரும்பிய நிழலில் மறுபடி இருபது பேர் என்று கணக்கு வகுத்தார்கள்.

கணக்கு வகுத்தது ராக்கியண்ணன். ஐம்பத்தைந்து வயது, ஊரில் கல்யாணமோ சாவோ எதுவானாலும் வரிசையை ஒழுங்குபடுத்துவது அவர் பொறுப்பு, யாரும் கொடுக்காத பொறுப்பு. அவர் அட்டையில் எண் எழுதி வெட்டி டோக்கன் போட்டார். ஊர் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு கிழித்து, தலை இங்கே, கால் இங்கே என்று எழுதினார். குறட்டைக்காரர்களுக்கு முழங்கைப் பக்கம், கைக்குழந்தைக்காரிகளுக்கு வயிற்றுப் பக்கம், புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு இடமே கிடையாது, வீட்டுக்குப் போய்த் தூங்கட்டும்.

ஊர் கொண்டாடியது என்று சொன்னால் போதாது, ஊருக்குக் கிறுக்கே பிடித்தது. லாரி ஓட்டுகிறவர்கள் சேலத்திலிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள், பரீட்சைக்குப் படித்துக் கண் எரிந்த பிள்ளைகள் வந்தார்கள், ராத்திரி முழுக்க அழுகிற சிசுக்களை ஏந்திக்கொண்டு இளம் தாய்மார்கள் ஈரோடு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள், பன்னிரண்டு வருஷமாகத் தூக்க மாத்திரை போடுகிற ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் வந்து அவள் கழுத்தின் நிழலில் இருபது நிமிஷம் தூங்கி எழுந்து, குழந்தைபோல் தேம்பி அழுது, தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவள் காலடியில் வைத்துவிட்டுப் போனார். டீக்கடைக்காரர் கடையை மைதானத்துக்கே தள்ளிக்கொண்டு வந்தார், தூங்கப் போகிறவர்களுக்கு டீ விற்பது எவ்வளவு பெரிய தப்பு என்று புரிந்ததும் பால் விற்றார். நிழலம்மா, நிழலம்மா என்று ஊர் அவளைக் கூப்பிட்டது.

வசந்தாமணிக்கு என்ன சந்தோஷம்! நாற்பத்தொரு வருஷத்தில் யாரும் அவளை ஒரு முழு நிமிஷம் நின்று பார்த்ததில்லை. இப்போது அவள் கையை விரித்தால் இருபது முகங்கள் பூப்போல் தளர்ந்தன, நெற்றிச் சுருக்கங்கள் அவிழ்ந்தன, வாயோரம் எச்சில் வழிந்தது. அந்தக் காட்சியைப் பார்க்கப் பார்க்க அவள் கையை இன்னும் அகல விரித்தாள். உடம்பெல்லாம் ஒரு துடிப்பு, கையைக் காலை ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும்போல் ஒரு பரபரப்பு. தூக்கம் கெட்டுப்போன உடம்பு கடைசியாகக் கொளுத்திப் போடுகிற மத்தாப்பு அது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு இப்போ களைப்பே இல்லைங்க என்று எல்லோரிடமும் சொன்னாள்.

காலையிலும் மாலையிலும் மைதானத்தில் நிற்க முதலாளி சென்னியப்பன் பெருந்தன்மையாக அனுமதி கொடுத்திருந்தார். அவர் குடும்பத்துக்கு நிரந்தரமாக நாலு டோக்கன் என்பதால் கொடுத்தார். ஆனால் விட்ட நேரத்தை ராத்திரி பத்து மணிவரை தறியில் நின்று ஈடுகட்டச் சொன்னார். அதனால் மூன்று மணி நேரத் தூக்கம் ஒன்றரை மணியாயிற்று.

ஆஸ்பத்திரி நர்ஸ் ஜெயசீலிதான் முதலில் சொன்னாள். அவளும் டோக்கன் வாங்க வந்தவள்தான். வந்த இடத்தில் வசந்தாமணியின் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, பையிலிருந்து பட்டையை எடுத்துக் கையில் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள். பார்த்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தாள்.

"எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?"

"ஒன்ற மணி நேரமுங்க. நமக்கு அதே எச்சுங்க, அதுக்கு மேல வேண்டாமுங்க."

"அக்கா, உங்க நாத்தனார் ஊரெல்லாம் சொல்றாங்களே, கண்ணு துடிக்கறது, காதுல சத்தம் கேக்கறது, கொட்டாவி, தடுக்கி விழறது, இதெல்லாம் சகுனம் இல்லீங்க. உங்க உடம்பு உங்களைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கு. நீங்க திரும்பிப் பார்க்கலை. இப்படியே போனா ஒரு நாள் நின்ன எடத்துலயே விழுவீங்க. அப்புறம் எந்திரிக்க மாட்டீங்க. நான் பயமுறுத்தறதுக்குச் சொல்லலை."

வசந்தாமணி பதில் சொல்வதற்குள் வெயில் ஒரு விரற்கடை நகர்ந்தது, நிழல் நர்ஸின் மடியில் ஏறியது, பேசிக்கொண்டிருந்த ஜெயசீலி பட்டையைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிட்டாள். இரண்டு நாள் தொடர் டியூட்டி பார்த்தவள். அவள் சொன்னதை வேறு யாரும் காதில் வாங்கவில்லை.

ஒருத்தி வாங்கியிருந்தாள். மகள் நிரஞ்சனா கூட்டத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவள் அம்மாவைக் கவனிக்க ஆரம்பித்தாள். அம்மாவின் நிழல் நாளுக்கு நாள் கறுத்துக் கனத்து, தரையில் தார் ஊற்றினாற்போல் கிடந்தது, நடக்கும்போது அம்மா அதை இழுத்துக்கொண்டு நடந்தாள். அம்மாவோ வெளுத்துக்கொண்டே வந்தாள். வெயிலில் கையைத் தூக்கினால் பின்னால் இருக்கிற மரம் கையின் வழியாகவே மங்கலாகத் தெரிந்தது. ஒரு மத்தியானம் பட்டறைக்குப் பின்புறம் சோறு கொண்டுபோனபோது, அம்மா தன்னந்தனியாக வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். தன் நிழலுக்குள் தான் நுழையப் பார்க்கிறாள். வேகமாகத் திரும்பினால் பிடித்துவிடலாம் என்று திரும்புகிறாள், அது கூடவே திரும்புகிறது. குனிந்தாள், அதுவும் குனிந்தது. ஊருக்கே தூக்கம் தரும் நிழல் அவளுக்கு மட்டும் எட்டாமல் இருந்தது.

"அம்மா!"

வசந்தாமணி நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் சிரிப்பு வந்தது, சிரிப்போடு ஒரு திகைப்பும் வந்தது. "வா கண்ணு... வா..." என்றாள். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

"அம்மா, என் பேரு என்ன?"

காற்று ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போயிற்று, பட்டறைக்குள் தறிகள் அடித்துக்கொண்டிருந்தன, வசந்தாமணி உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு மகளையே பார்த்தாள். பெயர் அகப்படவில்லை. பத்து மாதம் சுமந்து, மூன்று நாள் யோசித்துத் தானே வைத்த பெயர். நிரஞ்சனா அழவில்லை. சோற்றை வைத்துவிட்டு நேராக அப்பனிடம் ஓடினாள், தூங்கிக்கொண்டிருந்தவனை உலுக்கி எழுப்பி எல்லாவற்றையும் சொன்னாள். குழந்தைவேலு கேட்டுவிட்டுப் பாயைச் சுருட்டி மூலையில் வைத்தான். "நாளைக்கு ஒரு நாள் போவட்டும் கண்ணு. ஊரே வருது. ராக்கியண்ணன் கிட்ட ஒத்துக்கிட்டாளே. நாளான்னைக்கு நானே நிறுத்திப்போடறேன்" என்றான். ஊர்ப் பேச்சுக்குப் பயந்தவன், நல்லவன்.

நாளைக்கு என்றது சித்திரை மாதத்து மின்தடை நாள். மாதத்துக்கு ஒரு தடவை மின்வாரியத்தில் பராமரிப்பு வேலை என்று காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்டை நிறுத்துவார்கள். ஆயிரத்து நானூறு தறியும் ஒரே நொடியில் வாயை மூடும். தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த ஊருக்கு அந்த அமைதி ஆகாது, யாருக்கும் கண் மூடாது. வேலையும் இல்லை, தூக்கமும் இல்லை, எங்கே போவார்கள்? அத்தனை பேரும் மைதானத்துக்குத்தான் வந்தார்கள்.

ராக்கியண்ணன் முன்னூற்று அறுபது டோக்கன் கொடுத்திருந்தார். முந்தின நாள் ஆர்வக் கோளாறில் பெரிய பந்தல் போட்டுவிட்டார்கள், பந்தல் போட்டால் வெயில் எங்கே, வெயில் இல்லாமல் நிழல் எங்கே என்று விடியற்காலையில் யாருக்கோ உறைத்து அவசர அவசரமாகப் பிரித்தார்கள். ஜெனரேட்டர் வைத்து மைக் கட்டினார்கள். வசந்தாமணி ஒன்பது மணிக்குக் கஞ்சிப் புடவையில் முந்தானையை விரித்து நின்றபோது, முதல் இருபது பேர் சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஓடிப் படுத்தார்கள். கால் மணிக்கு ஒரு தரம் ராக்கியண்ணன் மைக்கில், "எந்திரிங்க, எந்திரிங்க, அடுத்தவிங்க படுங்க" என்று விரட்டினார். ஐஸ் விற்றது, முறுக்கு விற்றது, குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாடி நிழலின் விளிம்பை மிதித்துப் பொத்துப் பொத்தென்று உட்கார்ந்து தூங்கின, அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் காலை வைத்துத் தூங்கிப்போனார்கள்.

பொழுது ஏற ஏற நிழல் சுருங்கியது. இருபது பத்தாயிற்று, பத்து நாலாயிற்று. அன்றைக்கு என்ன நாள் என்று ஊரில் யாரும் யோசித்திருக்கவில்லை. சித்திரையில் ஒரு நாள் சூரியன் அந்த ஊருக்கு நேர் உச்சியில் வந்து நிற்கும், நட்டு வைத்த கம்புக்குக்கூட நிழல் விழாது. பன்னிரண்டே கால் மணிக்கு, வரிசையில் நூற்று எண்பது பேர் நிற்கும்போது, வசந்தாமணியின் நிழல் முற்றாகக் காணாமல் போயிற்று. சுண்ணாம்புக் கோடுகளுக்குள் வெறும் வெள்ளை வெயில்.

"நெழலு எங்க? நெழலு எங்க?" என்று கூட்டம் கத்தியது. டோக்கனை ஆட்டினார்கள். திருட்டுப் போயிருக்குமோ என்று ஒருவர் கேட்டார். "கொஞ்சம் தள்ளி நில்லும்மா, அக்கட்டால நில்லு" என்று ராக்கியண்ணன் பதறினார்.

நிழல் எங்கேயும் போய்விடவில்லை. அது அவள் உள்ளங்காலுக்கு அடியில் இருந்தது. பதினோரு வருஷத்துத் தூக்கம், ஒரு ராத்திரிகூடக் குறையாமல், இரண்டு பாதம் அகலத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. நின்றது, பிறகு மேலே ஏறியது. முதலில் குதிகால் சொன்னது, வலிக்கிறது என்று. கெண்டைக்கால் சொன்னது, நீ நிற்க ஆரம்பித்து எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா என்று. முழங்கால் சொன்னது, இடுப்பு சொன்னது, தார் சுற்றிச் சுற்றிக் காய்த்துப்போன விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சொன்னது, தோள் கெஞ்சியது, கழுத்து அதட்டியது, இடது கண், பாவம், தொண்டை கட்டிப்போனவன்போல் இத்தனை நாளாய் நான் இதைத்தானே சொன்னேன் என்றது. வசந்தாமணி அசையாமல் நின்று ஒவ்வொன்றையும் கேட்டாள். பிறந்ததிலிருந்து இப்படி யாரும் அவளிடம் அக்கறையாகப் பேசியதில்லை. அவளுக்குக் கண்ணீர் கொட்டியது, கூடவே அப்படியொரு குதூகலம், ஊர்ப்பட்ட சனம் நிற்கிற இடத்தில் கத்திச் சிரிக்கவேண்டும்போல் இருந்தது.

விரித்த முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். ராக்கியண்ணன் பக்கத்தில் வந்ததில் மைக் அவள் வாய்க்கு நேராக இருந்தது.

"எனக்குத் தூக்கம் வருது" என்றாள்.

நாலு தெருவிலும் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கிகள் அதைச் சொல்லின. ஓடைக்காட்டுப்பாளையத்தில் அந்த வாக்கியத்தை அதற்கு முன்னால் யாரும் சத்தமாகச் சொன்னதில்லை.

"என்னம்மா சொல்றே?" என்றார் ராக்கியண்ணன்.

"தூக்கம் வருதுங்கண்ணா. நான் தூங்கோணும்."

"இன்னும் நூத்தி எம்பது பேரு இருக்குதே தாயி!"

"இருக்கட்டுங்கண்ணா. எனக்குத் தூக்கம் வருது."

முதலாளி சென்னியப்பன் முன்னால் வந்தார். சாயங்காலம் தூங்கிக்கொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம், ஊர் மானம் என்ன ஆவது என்று அடுக்கினார். பின்னாலிருந்து டோக்கன்காரர்கள் கூச்சல் போட்டார்கள். அந்தக் கூச்சலுக்குள் குழந்தைவேலு ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தான். அவன் முதலாளியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தலைப்பாகைத் துண்டை அவிழ்த்தான், உதறினான், அவள் காலடியில் சூடான மண்ணின் மேல் விரித்தான். நிரஞ்சனா தன் பள்ளிக்கூடப் பையைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தாள்.

வசந்தாமணி படுத்தாள். நிற்கும்போது சுற்றிச் சுற்றியும் பிடிக்க முடியாத நிழல், படுத்த உடனே முதுகுக்குக் கீழே வந்து விரிந்துகொண்டது, உச்சந்தலையிலிருந்து பாதம் வரை, அவள் அளவுக்கே வெட்டினாற்போல். ஒரே ஒரு பெருமூச்சு விட்டாள். கண்ணை மூடுவதற்கு முன்னால் மகளைப் பார்த்து, "நிரஞ்சனா" என்றாள். அப்புறம் தூங்கிவிட்டாள்.

கூட்டம் காத்திருந்தது. வெயில் சாய்ந்தால் நிழல் வெளியே வரத்தானே வேண்டும்? குழந்தைவேலு கயிற்றுக்கட்டில் ஒன்றை நிமிர்த்திப் பிடித்து அவள் முகத்துக்கு வெயில் படாமல் பார்த்துக்கொண்டான். இரண்டு மணிக்கு அவள் விலாவோரம் ஒரு சாண் நிழல் எட்டிப் பார்த்தது. சென்னியப்பன் முந்திக்கொண்டு போய் அதில் தலையை வைத்தார். வைத்துப் பார்த்தார், புரண்டு பார்த்தார், ஐந்து நிமிஷம் கழித்து எழுந்து உட்கார்ந்தார். "ஒண்ணும் வல்லியே" என்றார். வராது. அதிலிருந்த தூக்கம் முழுவதும் இப்போது அவளுக்கே போய்க்கொண்டிருந்தது.

ஏமாற்றத்தில் எல்லோரும் நின்றார்கள். ஜெனரேட்டரையும் அணைத்துவிட்டதில் மைதானம் அவ்வளவு அமைதியாக இருந்தது, அவள் மூச்சு போய் வருவது கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே நின்ற சம்பூர்ணத்துக்கு வாயைப் பிளந்துகொண்டு ஒரு கொட்டாவி வந்தது. எல்லோரும் மயிலாத்தாளைப் பார்த்தார்கள். மயிலாத்தாள் பலன் எதுவும் சொல்லவில்லை, அவளுக்கும் கொட்டாவி வந்துகொண்டிருந்தது.

"எனக்கும் தூக்கம் வருது" என்றாள் சம்பூர்ணம், திருட்டை ஒப்புக்கொள்கிறவள்போல.

"எனக்கும்" என்றார் பால்காரர்.

"எனக்கு ஆறு வருசமா வருதுங்க" என்று கூட்டத்தின் கடைசியில் யாரோ கத்தினார்கள். அப்புறம் அணை உடைந்தது. எனக்கும், எனக்கும், எனக்குந்தான் என்று முன்னூறு பேர் சந்தைக்கடைபோல் கத்தினார்கள், ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், வெட்கத்தை விட்டுச் சிரித்தார்கள். கத்திக்கொண்டே வீட்டுக்கு ஓடினார்கள். ஓடி, கதவைச் சாத்தி, தறிச் சத்தம் இல்லாத அந்த மத்தியானத்தில், யாருடைய நிழலும் இல்லாமல், அவரவர் பாயில் அவரவர் தூக்கத்தைத் தூங்கினார்கள். ராக்கியண்ணன் மட்டும் மைக் செட்டைக் கழற்றக் கொஞ்ச நேரம் நின்றார். அவரும் பாதியில் விட்டுவிட்டு ஜெனரேட்டர் மேலேயே சாய்ந்தார். ஐந்து மணிக்குக் கரண்டு வந்தது. ஒரு பட்டறையிலும் சுவிட்சைப் போட ஆள் இல்லை.

வசந்தாமணியைப் பொழுது சாய்ந்ததும் அதே கட்டிலில் ஏற்றி வீட்டுக்குத் தூக்கிவந்தார்கள், அவளுக்குத் தெரியவே தெரியாது. மறுநாள் முழுக்கத் தூங்கினாள். நர்ஸ் ஜெயசீலி வந்து நாடி பார்த்து, பட்டை சுற்றிப் பார்த்து, சிரித்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குச் சென்னியப்பன் தானே நேரில் வந்து வாசலில் நின்றார். ஆறு தறி சும்மா நிற்கிறதாம்.

"எந்திரிச்சாளா, இல்லியா?"

குழந்தைவேலு வெளியே வந்தான். அன்றைக்குத்தான் அவன் முதலாளியின் முகத்தை நேராகப் பார்த்தான். மகள் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்த செய்தியைச் சொல்கிறவன்போல், தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னான்:

"எந்திரிச்சாளுங்க! தண்ணி குடிச்சா. ரெண்டு இட்லி தின்னா. இன்னும் தூக்கம் வருதுன்னா. மறுக்காப் படுத்துக்கிட்டாளுங்க!"